கூரை திறந்த காரில் ஹேண்ட்ஸ்ஃப்ரீ: ஒரு மணி நேரம் வயர், ஒரு நாள் முழுக்க மைக்

என்னிடம் இருப்பது 2001-ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டே இருக்கை, துணிக்கூரை. 1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறை. இந்தக் காரை வைத்திருப்பவர்கள் 'என்பி' என்பார்கள். ப்ளூடூத் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. தென்மேற்கு லண்டனில் நியூ மால்டனில் வீடு, கில்ஃபோர்டில் வேலை, நடுவில் ஏ3 சாலை. கூப்பிடுகிறவர்கள் எல்லாம் சரியாக நான் அந்தச் சாலையில் இருக்கும்போதுதான் கூப்பிடுவார்கள்.

இங்கே ஓட்டும்போது போனைக் கையில் எடுப்பது 2003 டிசம்பர் 1 முதலே குற்றம். 2017 மார்ச்சிலிருந்து 200 பவுண்டு அபராதம், உரிமத்தில் 6 தண்டனைப் புள்ளி. உரிமம் எடுத்து இரண்டு வருடம் ஆகாதவருக்கு அந்த 6 புள்ளியிலேயே உரிமம் போய்விடும். போனைக் கையில் எடுக்காமலே பேசும் ஹேண்ட்ஸ்ஃப்ரீக்குத் தடை இல்லை. ஆனால் கவனம் சிதறி ஓட்டினால் அதற்கும் போலீஸ் பிடிக்கலாம்.

நான் வாங்கியது பேரட் சிகே3100, செகண்ட் ஹேண்ட். பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய ப்ளூடூத் ஹேண்ட்ஸ்ஃப்ரீ கிட். ஒரு பெட்டி, ஒரு குட்டித் திரை, ஒரு மைக், 'மியூட் ஹார்னஸ்' என்ற வயர்க் கொத்து. பழையது வாங்கினால் அந்த வயர்க் கொத்து கூடவே வருகிறதா என்று பாருங்கள்; அது இல்லாமல் மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். இன்னொன்று: காரைப் பிரிப்பதற்கு முன் மேசையிலேயே சோதித்துவிடுங்கள். 12 வோல்ட் அடாப்டர் ஒன்றை எடுத்து, பெட்டியின் சிவப்பு, ஆரஞ்சு இரண்டையும் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் கொடுத்தால் திரை எரியும். உங்கள் போனோடு அது சேர்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். டேஷ்போர்டைக் கழற்றி வைத்துவிட்டு 'போன் இதைக் கண்டுபிடிக்கவே இல்லையே' என்று விழிப்பதைவிட இது மேல்.

சரி, காருக்கு வருவோம். முதலில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்ற வேண்டும். இந்தக் காரில் பேட்டரி பானெட்டுக்குள் இல்லை, டிக்கியில் வலது மூலையில் இருக்கிறது. 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் போதும். கழற்றிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். டேஷ்போர்டுக்குள் ஏர்பேக் வயர்கள் ஓடுகின்றன, அதில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிய நேரம் கொடுக்க வேண்டும். உள்ளே மஞ்சள் உறையோ மஞ்சள் கனெக்டரோ கண்ணில் பட்டால் அதைத் தொடாதீர்கள். கம்பெனி ரேடியோ இன்னும் காரில் இருந்தால், பேட்டரியைக் கழற்றுவதற்கு முன் அதற்கு ரகசிய எண் கேட்குமா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் காரில் முந்தைய உரிமையாளர் வேறு ஸ்டீரியோ போட்டிருந்தார். அதன் இரு பக்கமும் தட்டையான சாவிகளைச் சொருகினால் 'க்ளிக்' என்று விட்டுக்கொடுத்து முன்னால் வரும். பின்னால் பார்த்தால் மாஸ்டாவின் கனெக்டரிலிருந்து ஐஎஸ்ஓவுக்கு, அதாவது கார் ஸ்டீரியோக்களுக்குப் பொதுவான பிளக்குக்கு, மாற்றும் ஒரு அடாப்டர். நல்லது. ஆனால் இரண்டு வயரில், வயரைக் கடித்துக்கொண்டு நிற்கும் அந்த நீல பிளாஸ்டிக் கிளிப். யாரோ எதற்கோ போட்டது. இன்றைக்கு வேலை செய்யும், மூன்று வருடத்தில் உள்ளே பச்சை பூத்து எப்போதாவது மட்டும் வேலை செய்யும். அதை எடுத்துவிட்டு சால்டர் வைத்து, மேலே சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் ஏற்றினேன். கிட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், ஆனால் பார்த்த பிறகு எப்படி விடுவது.

வயர் வேலை என்று பயப்பட ஒன்றுமில்லை. ஸ்டீரியோவின் ஐஎஸ்ஓ பிளக்கைக் கழற்றி, காருக்கும் ஸ்டீரியோவுக்கும் நடுவில் மியூட் ஹார்னஸைச் சொருக வேண்டும். அழைப்பு வரும்போது ரிலே என்ற தானியங்கி ஸ்விட்ச் ஒன்று ஸ்பீக்கரை ரேடியோவிடமிருந்து பிடுங்கிக் கிட்டின் கையில் கொடுக்கும். பேசி முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிடும். மஞ்சள் வயர் ஸ்டீரியோவுக்கு 'வாயை மூடு' என்று சொல்வதற்கு. எந்த ஊசியில் போக வேண்டும் என்பது ஸ்டீரியோவுக்கு ஸ்டீரியோ மாறும், அதன் மேல் ஒட்டியிருக்கும் படத்தில் இருக்கும். ஸ்பீக்கர்கள் தனி ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஓடினால் இந்த வழி நடக்காது என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

கவனம் வேண்டியது மூன்று வயரில். கறுப்பு எர்த். சிவப்புக்கு எப்போதும் 12 வோல்ட் வேண்டும். ஆரஞ்சுக்குச் சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட். ஐஎஸ்ஓ கணக்குப்படி மின்சார பிளக்கில் 4-ஆம் ஊசி நிரந்தரம், 7-ஆம் ஊசி சாவியோடு வருவது, 8 எர்த். ஆனால் சில கார்களில் 4-உம் 7-உம் இடம் மாறியிருக்கும். அடாப்டர் போட்டவர் மாற்றியிருந்தாலும் அதே கதைதான். நான் வயரின் நிறத்தை நம்பிச் சொருகிவிட்டேன். திரை எரிந்தது, போன் சேர்ந்தது, பாட்டு நின்று அழைப்பு வந்தது. ரொம்பப் பெருமையாகக் காரைப் பூட்டிவிட்டு உள்ளே போனேன்.

அன்று மாலை நாலு மணிக்குத் திருச்சியிலிருந்து மாமியார் கூப்பிட்டார். போன் என் கையில், நான் சமையலறையில். "சொல்லுங்க அத்தை" என்கிறேன், சத்தமே இல்லை. ஜன்னலுக்கு வெளியே, பூட்டிய காரின் கதவுக்குள்ளிருந்து "ஹலோ... ஹலோ... மாப்பிள்ளை?" என்று கணீரென்று வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் சிரித்தோம். நான் ப்ளூடூத்தை அணைத்தேன், அதோடு விட்டேன். அங்கேதான் தப்பு. அந்த வாரம் முழுக்க ரயிலில் போனேன். சனிக்கிழமை சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆரஞ்சு வயர் நிரந்தர மின்சாரத்தில் இருந்ததால் கிட் தூங்கவே இல்லை. ஐந்து நாளும் விழித்துக்கொண்டு போனைத் தேடியிருக்கிறது. இந்தக் காரின் பேட்டரியோ சின்னது. டிக்கி சாவியால் திறக்கும் என்பதால் பிழைத்தேன். பக்கத்து வீட்டுக்காரரே ஜம்ப் லீடோடு வந்தார். "உங்கள் கார் பேசுவதை நிறுத்திவிட்டதா?" என்று வேறு கேட்டார்.

ஆகவே மல்டிமீட்டர். வயர்களின் முனை எதிலும் படாமல் ஒதுக்கிவைத்துவிட்டு, அளப்பதற்காக மட்டும் பேட்டரியைத் திரும்ப மாட்டுங்கள். சாவி கையில் இருக்கும்போது பன்னிரண்டரை வோல்ட் போலக் காட்டுவது நிரந்தர வயர். சாவியைத் திருப்பினால்தான் காட்டுவது மற்றது. எழுதி டேப்பில் ஒட்டிவிட்டு, மறுபடி மைனஸைக் கழற்றிவிட்டு இணையுங்கள். இடம் மாறியிருந்தால் வயரை வெட்ட வேண்டாம். இந்த ஹார்னஸில் சிவப்பும் ஆரஞ்சும் ஃப்யூஸ் பக்கத்தில் கழற்றி மாற்றிச் சொருகும்படிதான் இருக்கின்றன.

பெட்டியை ரேடியோவுக்குப் பின்னால் திணிக்கப் பார்க்காதீர்கள். அங்கே ஹீட்டர் குழாய்கள் போகின்றன, கை போகவே இடமில்லை. குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இடம் இருக்கிறது. கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட்டுக்கு அடியில் வைக்கலாம் என்று தோன்றும், வேண்டாம். இந்தக் காரில் இருக்கைக்குப் பின்னால் மழைநீர் வடியும் துளைகள் இலை விழுந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேதான் வரும். என் கார்ப்பெட் ஒரு குளிர்காலம் முழுக்க ஊறியிருக்கிறது. பெட்டிக்கும் வயருக்கும் துணி டேப் சுற்றுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் டேஷ்போர்டுக்குள் கிலுகிலுப்பை ஆட்டுவது போலச் சத்தம் வரும்.

இதுவரைக்கும் எந்தக் காராக இருந்தாலும் இதே வேலைதான். மைக்கில்தான் எம்எக்ஸ்-5 வேறு ஜாதி.

கையேடு சொல்வது, ஓட்டுநரின் வாயைப் பார்த்தபடி, மேலே, உள்கண்ணாடி பக்கம். கூரை இருக்கிற காருக்குச் சரி. கூரையைத் திறந்தால் காற்று முன்னாலிருந்து வந்து முகத்தில் அடிக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அது கண்ணாடிக்கு மேலே தாவிப் போய், இருக்கைகளுக்குப் பின்னால் சுருண்டு, முதுகுப் பக்கமிருந்து முன்னால் வருகிறது. பிடரி முடி பறந்து முன்னால் விழுவதைப் பார்த்தாலே தெரியும்.

காற்று எங்கே குறைவு என்று பார்க்க, மனைவியின் பின்னல் கூடையிலிருந்து கம்பளி நூல் எடுத்து, விரல் நீளத்தில் நாலு துண்டு வெட்டி, நாலு இடத்தில் டேப்பால் ஒட்டினேன்: கண்ணாடிச் சட்டத்தின் மேல் விளிம்பு, வலது பக்கத் தூண், மீட்டர்களுக்கு மேலே உள்ள முகடு, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள பிளாஸ்டிக் உறையின் மேல்பக்கம். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். 40 மைல் வேகத்தில் மேல் விளிம்பு நூல் பைத்தியம் பிடித்தது போல ஆடியது. தூணில் இருந்தது படபடத்தது. முகட்டில் இருந்தது விட்டுவிட்டு அசைந்தது. ஸ்டீயரிங் உறை நூல் மட்டும் சும்மா படுத்திருந்தது.

நூல் சொன்னதைக் காதால் உறுதி செய்ய வேண்டுமே. மைக்கை ஒவ்வொரு இடத்திலும் தற்காலிகமாக ஒட்டி, வயரைத் தொங்காமல் டேப் போட்டு, வீட்டிலிருந்த அவளைக் கூப்பிட்டு ஒன்றிலிருந்து இருபது வரை சொன்னேன். ஒரே தெரு, ஒரே வேகம். மேல் விளிம்பு: "என்னங்க, அருவிக்குப் பக்கத்துல நிக்கிறீங்களா?" தூண்: ஆறு எது, நூறு எது என்று தெரியவில்லையாம், நான் நூறு சொல்லவே இல்லை. முகடு: பேச்சு தெளிவு, ஆனால் கண்ணாடிக்கு ஹீட்டர் காற்று விட்டதும் அதுவும் போச்சு. ஸ்டீயரிங் உறை: "கொஞ்சம் கிணத்துக்குள்ள பேசுற மாதிரி இருக்கு. ஆனா எல்லாம் கேக்குது." அதுதான் முடிவு. காலர் மைக்குக்குப் போடும் கறுப்பு ஸ்பாஞ்ச் தொப்பி ஒன்று வாங்கி மாட்டியதும் கிணறும் பாதி தூர்ந்தது.

அங்கே வைப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. மைக் வயர் ஸ்டீயரிங் தண்டில் சுற்றிக்கொள்ளவோ பெடல் பக்கம் தொங்கவோ கூடாது. சுழலாத கீழ் உறையோடு சேர்த்து மூன்று இடத்தில் டை போட்டுக் கட்டி, மிச்ச வயரை உள்ளே சுருட்டி, ஸ்டீயரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை இரண்டு முறை திருப்பிப் பாருங்கள். டார்ச் அடித்துக் கீழே குனிந்து பாருங்கள். இதில் சோம்பல் கூடாது. எதிர்முனைக்காரருக்கு அவர் குரலே திரும்பக் கேட்கிறது என்றால் மைக் கதவு ஸ்பீக்கரைப் பார்க்கிறது என்று அர்த்தம். முகத்தின் பக்கம் கொஞ்சம் திருப்பி, சத்தத்தையும் ஒரு படி குறையுங்கள்.

திரையை வெயில் படாத இடத்தில் ஒட்டுங்கள். டேஷ்போர்டு மேலே ஒட்டினால் கூரை திறந்த நாளில் எழுத்தே தெரியாது. நான் நடுக் கன்சோலின் பக்கவாட்டில், கியர் அருகே வைத்தேன். ஒட்டும் முன் ஆல்கஹாலால் துடைக்கவும். பளபளப்பு ஸ்ப்ரே அடித்த பிளாஸ்டிக்கில் எந்த டேப்பும் நிற்காது. இன்னொரு விஷயம், துணிக்கூரையைக் கிழிக்க ஒரு கத்தி போதும். உள்ளே திரை பளபளத்தால் கிழிக்கத் தோன்றும். அதனால் ஒரு கறுப்புத் துணியை எப்போதும் அதன் மேல் போட்டுவிட்டு இறங்குகிறேன். காப்பீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன், அவர்கள் எதுவும் கூட்டவில்லை.

எல்லாம் முடிந்து சாவியை எடுத்தபின் சமையலறைக்குப் போய்ப் போனைப் பாருங்கள். காரோடு இணைப்பு அறுந்திருக்க வேண்டும். அறுந்திருக்காவிட்டால் மறுபடி மல்டிமீட்டர்.

கூரை மூடியிருந்தால் 70 மைலிலும் நன்றாகப் பேச முடிகிறது. திறந்திருந்தால், பக்கக் கண்ணாடிகளை ஏற்றி, இருக்கைக்குப் பின்னால் காற்றுத் தடுப்பை நிமிர்த்தி, 50 வரை ஒப்பேறும். அதற்கு மேல் எந்த மைக்கும் உதவாது, நான் எடுப்பதில்லை. ஏ3-இல் 50 மைல் வேக எல்லை முடிகிற பக்கம் நான் பேச்சை முடித்துக்கொள்வது வீட்டுக்கும் பழகிவிட்டது. வெயில் அடிக்கிற நாளில் காலை எட்டரைக்கு மேல் ஒன்பது வரை என்னைக் கூப்பிட்டுப் பயனில்லை என்று மாமியாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்கள்.