முட்டை அட்டையும் புளியங்கொட்டையும்: வீட்டிலேயே விளையாடிப் படிக்க

ஒன்றாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புறப் பட்டணத்தில் இருந்துகொண்டு கல்வி விளையாட்டுச் சாமான் வாங்க ஈப்போ வரை ஓட வேண்டியதில்லை. முட்டை அட்டை, சில்லறைக் காசு, சுண்ணக்கட்டி. இவ்வளவுதான்.

"ஆறு ஏழு எவ்வளவு? சரியாச் சொன்னா மிட்டாய்" என்பது விளையாட்டு இல்லை, மிட்டாய் வைத்த பரீட்சை. பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். எண்ணாமல் ஜெயிக்க முடியாது, எழுத்தைக் கவனிக்காமல் ஜெயிக்க முடியாது என்று ஆட்டமே பிடித்து வைக்க வேண்டும். கீழே உள்ளவற்றை அப்படிப் பார்த்துத்தான் எடுத்தேன்.

தொடங்குமுன் பள்ளி நோட்டைப் புரட்டுங்கள். சிவப்பு மை எங்கே அதிகம்? கழித்தலா, ல-ள-ழ வா, மலாய் வாசிப்பா? அதற்கான ஆட்டம் ஒன்றை மட்டும் எடுத்து ஒரு வாரம் விளையாடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் இறக்கினால் எதுவும் நிற்காது.

பல்லாங்குழி (கூட்டல், கழித்தல், ஐந்தாம் வாய்ப்பாடு)

1. முப்பது முட்டை அடுக்கும் அட்டையில் ஆறு குழி வரிசை ஐந்து இருக்கும். இரண்டு வரிசையைச் சேர்த்தாற்போல் வெட்டுங்கள். கோழி எச்சம் ஒட்டிய அட்டை வேண்டாம். பாட்டி வீட்டுப் பலகையில் பக்கத்துக்கு 7 என 14 குழி இருந்திருக்கும். பழகும் பிள்ளைக்கு 12 தாராளம்.

2. குழிக்கு 5 விதை. மொத்தம் எத்தனை வேண்டும் என்பதை நீங்கள் சொல்லாதீர்கள். பிள்ளையே ஐந்து, பத்து, பதினைந்து என்று குழி குழியாகத் தொட்டு எண்ணி 60-க்கு வரட்டும்.

3. விதைக்குப் புளியங்கொட்டையே நல்லது. மஞ்சாடியும் அழகாக இருக்கும், ஆனால் முழுச்சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்துப் பொறுக்குங்கள். சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்தது குன்றிமணி, அது நஞ்சு, வீட்டுக்குள்ளேயே வர வேண்டாம். பால்மரக்காட்டில் காய் வெடித்து விழும் பருவத்தில் பிள்ளைகள் சட்டைப்பை நிறைய ரப்பர் விதை கொண்டுவருவார்கள். அது இந்த அட்டைக்குப் பெரிசு, வாயில் போடவும் கூடாது. வாசலில் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டு ஆடினால் அதையே பயன்படுத்தலாம், ஆடி முடித்ததும் கை கழுவச் சொல்லுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் எந்த விதையானாலும் ஆட்டம் முடிந்ததும் எண்ணி டப்பாவில் போட்டு மூடி விடுங்கள்.

4. தன் பக்கத்துக் குழி ஒன்றிலிருந்து எல்லா விதையையும் அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். எப்போதும் ஒரே திசைதான். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் தடவிவிட்டு அதற்கும் அடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம், அதோடு முறை மாறும். அதுவும் வெறுமை என்றால் ஒன்றும் கிடைக்காது. "பசு" எடுப்பது போன்ற விதிகளெல்லாம் இப்போது வேண்டாம், பிறகு பாட்டி சொல்லிக்கொடுக்கட்டும்.

5. யாராவது ஒருவர் பக்கம் முழுக்கக் காலியானால் ஆட்டம் முடிந்தது. எதிர்ப்பக்கத்தில் மிஞ்சியது எதிராளிக்கு.

இனிமேல்தான் முக்கியமான இடம். உங்கள் விதையை மட்டும் எண்ணி, "எனக்கு 34. உனக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். பிள்ளை முதலில் தன் குவியலை ஒவ்வொன்றாக எண்ணும். எண்ணட்டும், அவசரப்படுத்தாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் 60 வர வேண்டும் என்பது பிடிபட்ட பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு, 34-க்கு மேல் ஆறு போட்டால் 40, இன்னும் இருபது, ஆக 26 என்று போடும். கணக்குச் சரியாக வரவில்லை என்றால் ஒரு விதை பாய்க்கடியில் ஓடியிருக்கும், அதைத் தேடுவதும் கணக்குதான்.

சில நாள் போனால் பிள்ளை அள்ளுவதற்கு முன் விரலால் குழிகளைத் தொட்டுப் பார்க்கும். கடைசி விதை எங்கே விழும், அதற்கு அடுத்தது காலியா என்று பார்க்கிறது. "சீக்கிரம் ஆடு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

வேண்டுமென்றே தோற்பதை நான் ஏற்பதில்லை, ஏழு வயதுப் பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிட்டால் ஆட்டத்தின் மேலேயே மரியாதை போய்விடும். அதற்குப் பதில் பிள்ளைக்கு முன்கூட்டியே ஐந்து விதை கூடுதலாகக் கொடுத்துவிட்டு நீங்கள் முழு மூச்சாக ஆடுங்கள். மொத்தம் 65 ஆகிவிடும், கணக்கும் மாறும், அதுவும் நல்லதுக்குத்தான்.

மளிகைக் கடை (பணம், மீதிக் காசு)

காலி மைலோ பாக்கெட், கழுவிய சார்டின் டின் (விளிம்பு கூராக இருந்தால் வேண்டாம்), பிஸ்கட் டப்பா. விலைச் சீட்டைப் பிள்ளையே எழுதி ஒட்டட்டும். காசு உண்மையான காசாகவே இருக்கட்டும்: 5, 10, 20, 50 சென். காகிதக் காசில் ஆடினால் பிள்ளைக்கு அந்தப் பொறுப்பு வருவதில்லை.

முதல் வாரம் எல்லா விலையும் பத்துப் பத்தாக. பிள்ளை கடைக்காரர், நீங்கள் 5 வெள்ளி (ரிங்கிட்) நோட்டோடு வருகிறீர்கள். சாமான் 3 வெள்ளி 40 காசு. மீதியைக் கழித்துப் பார்க்கச் சொல்லாமல், கடையில் செய்கிற மாதிரி மேலே ஏறிப் போகக் காட்டுங்கள்: பத்துக் காசு வைத்தால் 3.50, ஐம்பது வைத்தால் 4 வெள்ளி, ஒரு வெள்ளி வைத்தால் 5. வைத்த காசைக் கூட்டினால் 1 வெள்ளி 60. தாளில் கடன் வாங்கிக் கழிக்கத் திணறும் பிள்ளைகூட இதைச் செய்துவிடும்.

அடுத்த வாரம் விலையில் 3.98, 2.43 என்று நுழையுங்கள். 2008 ஏப்ரல் முதல் நம் மலேசியாவில் கடைப் பில்லை ஐந்து சென்னுக்குச் சரிக்கட்டித்தான் ரொக்கம் வாங்குகிறார்கள். 1, 2 என்று முடிந்தால் கீழே 0-க்கு. 3, 4 என்றால் மேலே 5-க்கு. 6, 7 என்றால் கீழே 5-க்கு. 8, 9 என்றால் மேலே பத்துக்கு. ஆகவே 3.98 என்பது 4 வெள்ளி, 2.43 என்பது 2.45. அடுத்த முறை பட்டணத்துக் கடையில் ரசீதைப் பிள்ளை கையில் கொடுத்துப் பாருங்கள், கீழே சரிக்கட்டிய தொகை உள்ள வரியைத் தேடிக் கண்டுபிடிக்கும்.

எழுத்து நொண்டி (ல, ள, ழ)

வாசலில் மூன்று பெரிய கட்டம், ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து. நீங்கள் ஒரு சொல்லைச் சொல்ல, பிள்ளை அந்த எழுத்துக் கட்டத்துக்கு நொண்டியடித்துப் போக வேண்டும். பல்லி, பள்ளி, பழம், மலை, மழை, வாளி, கிளி. தவறான கட்டத்தில் கால் வைத்தால் முறை உங்களுக்கு, இப்போது பிள்ளை சொல்ல நீங்கள் நொண்ட வேண்டும். ஒரே நிபந்தனை: சொல்பவர் சரியாகச் சொல்ல வேண்டும். "வாளப்பளம்" என்று நாமே சொல்லிக்கொண்டு பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. இதே கட்டங்களில் ர-ற, ந-ண-ன எழுதியும் ஆடலாம்.

மலாய் அசை அட்டை

தடித்த அட்டையைச் சீட்டுக்கட்டு அளவில் வெட்டி, ரூமி எழுத்தில் (மலாய்க்குப் பயன்படும் ஆங்கில எழுத்து) அட்டைக்கு ஓர் அசை: பா, ஜூ, தூ, மா, தா, ரோ, தி. ஆளுக்கு ஐந்து அட்டை, மிச்சம் நடுவில். கையிலுள்ள இரண்டைச் சேர்த்துச் சொல் வந்தால் இறக்கலாம்: பாஜூ (சட்டை), பாத்து (கல்), மாத்தா (கண்), ரொத்தி (ரொட்டி). வராவிட்டால் நடுவிலிருந்து ஒன்று எடுக்க வேண்டும். இறக்கிய சொல்லுக்குப் பொருள் சொன்னால்தான் புள்ளி.

எந்த ஆட்டமானாலும் இருபது நிமிடம் போதும். "இன்னும் ஒரு தடவை" என்று பிள்ளை கெஞ்சும்போதே எடுத்து வைத்துவிடுங்கள். ஷிப்ட் முடிந்து அசதியாக வரும் நாளில் ஆட வேண்டாம், கொட்டாவி விட்டுக்கொண்டு உட்காரும் எதிராளியோடு யாருக்கும் ஆடப் பிடிக்காது. அன்றைக்குத் தாத்தாவையோ அண்ணனையோ உட்கார வையுங்கள்.

60 விதைக் கணக்கு சலித்துப்போன பிள்ளைக்கு மலாய்க்காரர் ஆடும் சோங்காக்கைக் காட்டுங்கள். பக்கத்துக்கு 7 குழி, குழிக்கு 7 விதை, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு வீடு. ஏழாம் வாய்ப்பாடு அதில் வந்துவிடும். மொத்தம் 98 விதை வேண்டும். அதனால் அடுத்த முறை கொட்டை எடுத்த புளி வாங்காதீர்கள்.