சுண்டல் கடையில் கல்லா யாருக்கு? தொழில்முனைவுப் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளியில் பிள்ளைகளே கடை போட்டு விற்கும் சந்தை நாள் முடிந்து வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்ததும் ஒருமுறை பொறுமையாகப் பாருங்கள். கல்லாவில் உட்கார்ந்திருப்பது யார், மைக் யார் கையில், கரண்டி யார் கையில், கடை முன் கோலம் போட்டது யார், எல்லாரும் போன பிறகு பெருக்கியது யார் என்று எண்ணுங்கள். கல்லாவிலும் மைக்கிலும் வசதியான வீட்டுப் பையன்கள், கரண்டியும் விளக்குமாறும் பெண் பிள்ளைகளிடம் என்றுதான் பல இடங்களில் கணக்கு வரும். பின்னால் தொங்கும் பேனரில் "அனைவரையும் உள்ளடக்கிய தொழில்முனைவு" என்று எழுதியிருக்கும்.

பன்முகத்தன்மைக்கு என்று தனியாக ஒரு பீரியட் ஒதுக்கினால் இது மாறாது. முதல் பணம் எங்கிருந்து வருகிறது, குழு எப்படிச் சேர்கிறது, எந்த மொழியில் பேச வேண்டும், மதிப்பெண் எதற்கு என்ற சில்லறை ஏற்பாடுகளில்தான் யார் உள்ளே, யார் வெளியே என்பது முடிவாகிறது. தவறுகளும் அங்கேதான் நடக்கின்றன.

"ஆளுக்கு ஐந்நூறு கொண்டு வாங்க"

இந்த ஒரு வரியிலேயே வகுப்பில் பாதிப் பேர் வெளியே போய்விடுவார்கள். பணம் கொண்டுவர முடியாத பிள்ளை "எனக்கு விருப்பம் இல்லை சார்" என்றுதான் சொல்லும். "வீட்டில் பணம் இல்லை" என்று சொல்லாது. ஆசிரியரும் ஆர்வமில்லாத பிள்ளை என்று எழுதிக்கொள்வார். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2021-ல் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களுக்குத் தலைக்கு 2,000 ரூபாய் அரசே முதலாகக் கொடுத்தது. அவ்வளவு தேவையில்லை. ஐந்து பேர் குழுவுக்கு 500 ரூபாய் போதும். பெற்றோர் ஆசிரியர் கழகமோ முன்னாள் மாணவர்களோ தரலாம். நிபந்தனைகள் மூன்று. எல்லாக் குழுவுக்கும் ஒரே தொகை. வீட்டிலிருந்து ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகப் போடக் கூடாது. நஷ்டம் வந்தால் திருப்பிக் கேட்பதில்லை, ஆனால் ஒவ்வொரு செலவுக்கும் பில்லோ கைச்சீட்டோ இருக்க வேண்டும்.

இரண்டாவது நிபந்தனைதான் முதலில் உடையும். அது உடைவது பணமாக அல்ல, அடுப்பாக. ஒரு சுண்டல் கடைக் கணக்கைப் பார்ப்போம். விலைகளை உங்கள் ஊருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கொண்டைக்கடலை ஒரு கிலோ 100 ரூபாய், தேங்காய் 30, எண்ணெய், கடுகு, மிளகாய், உப்பு எல்லாம் சேர்த்து 20, பேப்பர் கப் 20 ரூபாய். மொத்தம் 170. ஒரு கிலோ கடலை ஊறி வெந்தால் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும். நூறு கிராம் வீதம் 20 கப். கப் 15 ரூபாய் என்றால் வரவு 300, லாபம் 130. கைதட்டல்.

இப்போது விடுபட்டதைச் சேருங்கள். கேஸ் 15 ரூபாய். காலை நாலரைக்கு எழுந்து வேகவைத்துத் தாளித்துக் கொடுத்த அம்மாவின் இரண்டு மணி நேரம், மணிக்கு 60 வீதம் 120. செலவு 305 ஆகிவிட்டது. ஐந்து ரூபாய் நஷ்டம். அந்த அம்மாவின் உழைப்புதான் "லாபம்" என்று மேடையில் பரிசு வாங்கியது. குக்கரும் அடுப்பும் இல்லாத விடுதி மாணவனும், விடியலில் வேலைக்குப் போய்விடும் தாயின் பிள்ளையும் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் அந்த 130 ரூபாயை எட்ட முடியாது. அதனால் அடக்கவிலைத் தாளில் "வீட்டில் சும்மா கிடைத்தவை" என்று ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். கேஸ், வண்டிப் பெட்ரோல், அண்ணனின் லேப்டாப், அம்மாவின் நேரம் எல்லாம் அதில் ரூபாயாக ஏற வேண்டும். பாலினம் பற்றி ஒரு மணி நேரம் பேசுவதைவிட இந்த ஒரு பத்தி அதிக வேலை செய்யும்.

சாப்பாட்டுக் கடைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வீட்டில் சமைத்துக் கொண்டுவந்தால் "யார் வீட்டுச் சமையல்" என்ற கேள்வி கூடவே வரும். ஒரு கடையில் மட்டும் பாத்திரம் நிறைய மிஞ்சினால் ருசிதான் காரணம் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். பொது இடத்தில், எல்லாக் குழுவும் கலந்து நின்று, ஒரே அடுப்பு வரிசையில் சமைக்கட்டும்.

குழு பிரிப்பதும் வேலை பிரிப்பதும்

"உங்களுக்குப் பிடித்தவர்களோடு சேருங்கள்" என்றால் ஒரே தெரு, ஒரே டியூஷன், ஒரே சாதி, ஒரே மீடியம் என்று குழுக்கள் அமையும். சீட்டுக் குலுக்கினால் வேறு ஆபத்து: நான்கு பையன்களுக்கு நடுவில் ஒரு பெண் மாட்டிக்கொண்டு பத்து வாரமும் வாய் திறக்காமல் போவாள். குலுக்குங்கள், ஆனால் எந்தப் பிரிவு மாணவரும் குழுவில் ஒற்றையாக நிற்காதபடி, குறைந்தது இருவராக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பொருளைக் குழு முடிவு செய்வதற்கு முன் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தாளில் எழுதித் தர வேண்டும். பேச்சில் தொடங்கினால் முதலில் பேசியவரின் யோசனைதான் ஜெயிக்கும்.

கொள்முதல், தயாரிப்பு, விற்பனை, கணக்கு, மேடைப்பேச்சு என்று ஐந்து வேலை, ஐந்து பேர், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றம் என்று பல பள்ளிகள் திட்டம் போடுகின்றன. தாளில் அழகாக இருக்கும். சந்தை நாள் ஒன்றே ஒன்று என்றால் அன்று காலை எல்லாம் கவிழ்ந்துவிடும். ஜெயிக்க வேண்டும் என்ற பதற்றத்தில் நன்றாகப் பேசுபவனே கல்லாவுக்குப் போவான், கோலம் தெரிந்தவள் வாசலுக்குப் போவாள். மாற்றம் நிஜமாக நடக்க ஒரே வழி, ஒரு பெரிய விழாவுக்குப் பதில் மதிய இடைவேளையில் ஒரு மணி நேரச் சந்தையாக ஐந்து முறை நடத்துவது. ஷாமியானா செலவும் மிச்சம்.

"உங்க அப்பா என்ன தொழில்?"

தொழில்முனைவு வகுப்பைத் தொடங்க இது இயல்பான கேள்விபோலத் தோன்றும். வகுப்பு நடுவில் எழுந்து நின்று இதற்குப் பதில் சொல்வது என்பது நம் ஊரில் பல பிள்ளைகளுக்குச் சாதியைச் சொல்வதுதான். அதைவிட மோசம் அடுத்த வரி: "மண்பாண்டமா? அதையே ஆன்லைனில் விற்கலாமே!" சொல்பவருக்கு நல்லெண்ணம் இருக்கலாம். ஆனால் 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தை, பாதி நாள் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்றதைக் குலக்கல்வி என்று எதிர்த்து, 1954-ல் காமராஜர் ஆட்சி கைவிட்ட மாநிலம் இது. அந்த நினைவு இன்னும் ஆறவில்லை. குயவர் வீட்டுப் பெண் மென்பொருள் செய்யலாம், வேறு யாரேனும் பானை செய்யலாம். குடும்பத் தொழிலைப் பற்றி எழுத விரும்பும் பிள்ளை தானாக எழுதட்டும். "நீ வசிக்கும் தெருவில் காசு கைமாறும் பத்து இடங்களைக் குறித்து வா" என்று தொடங்குங்கள். பூக்கட்டுபவரும் செல்போன் ரிப்பேர்க் கடையும் கந்துவட்டிக்காரரும் அதே பட்டியலில் வருவார்கள்; யாருடைய அப்பா என்ற கேள்வியே எழாது.

மொழியும் எழுத்துருவும்

மதிப்பீட்டுத் தாளில் "தகவல் தொடர்புத் திறன்: 20" என்று இருந்தால், நடுவர்கள் அதை ஆங்கிலத்துக்குப் போடும் மதிப்பெண்ணாகவே எடுத்துக்கொள்வார்கள். மூன்று நிமிடம், எந்த மொழியிலும், ஸ்லைடு இல்லாமல், ஒரே ஒரு சார்ட்டோடு பேசச் சொல்லுங்கள். திக்கிப் பேசும் பிள்ளை முன்பே பதிவு செய்த ஒலியைத் தரலாம். காது கேளாத மாணவர் இருந்தால் சைகை மொழிபெயர்ப்பாளருக்கு முதலில் சொல்லிவிட்டு அப்புறம் தேதி வையுங்கள். நடுவர்களில் ஒருவராவது கடன் வாங்கித் தவணை கட்டிப் பழகிய மகளிர் குழுத் தலைவியாக இருக்கட்டும். தமிழ்நாட்டில் அரசு ஆதரவோடு மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தருமபுரியில் தொடங்கியவை. அனுபவசாலிகளுக்கு எந்த ஒன்றியத்திலும் பஞ்சமில்லை.

மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் வழக்கமாக நடப்பது ஒன்று. பார்வையற்றவர்களுக்கு சென்சார் வைத்த கைத்தடி என்று ஆண்டுதோறும் ஒரு குழு கொண்டுவரும், பார்வையற்ற ஒருவரிடம்கூடப் பேசாமல். பயன்படுத்தப் போகிறவர்கள் மூவரிடமாவது பேசி, அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதி வராத யோசனை அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது. பெரும்பாலும் அவர்கள் கேட்பது தடியாக இருக்காது. பேருந்து எண்ணை யாராவது சொல்ல வேண்டும் என்பதாக இருக்கும்.

அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பார்வையற்ற மாணவரை யாரும் கவனிப்பதில்லை. பாடக் குறிப்பு வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு ஆகியிருந்தால், திரையில் தமிழாகத் தெரிந்தாலும் திரைவாசிப்பு மென்பொருள் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகப் படிக்கும். புத்தகப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினால் ஒன்றுமே படிக்காது. எல்லாம் யூனிகோடில் இருக்க வேண்டும். அடக்கவிலைத் தாளை எக்செல்லில் தரும்போது கட்டங்களை ஒன்றாக இணைக்காதீர்கள். எந்தத் தலைப்புக்குக் கீழே நிற்கிறோம் என்பது வாசிப்பில் குழம்பிவிடும். என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள் இலவசம். ஆசிரியரே ஒருமுறை திரையை அணைத்துவிட்டு அந்தத் தாளைக் கேட்டுப் பார்க்கலாம். கல்லாவில் நோட்டு பார்க்க ரிசர்வ் வங்கி 2020-ல் வெளியிட்ட மணி என்ற செயலி இருக்கிறது. கியூஆர் பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் பெட்டி பல கடைகளில் இருக்கிறது. பிறகு எதற்காக அவரைக் கல்லாவிலிருந்து ஒதுக்குகிறோம்?

ஜெயித்தவர் கதை

வெளிநாட்டுக் கோடீஸ்வரர்களை விட்டுவிட்டு, மலிவு விலை நாப்கின் இயந்திரம் செய்த கோவை அருணாச்சலம் முருகானந்தத்தைச் சொல்வது நல்லதுதான். ஆனால் "அவரால் முடிந்தது, உன்னாலும் முடியும்" என்று நிறுத்தினால், முடியாதவர்கள் எல்லாம் முயலாதவர்கள் என்றாகிவிடும். கதைக்குப் பிறகு அருகில் உள்ள வங்கிக் கிளையின் தொழில் கடன் விண்ணப்பம் ஒன்றை வாங்கி வந்து நிரப்ப வையுங்கள். ஜாமீன் சொத்து, கொட்டேஷன், வருமான வரிக் கணக்கு என்று எந்த வரியில் யார் பேனா நிற்கிறது என்று பார்க்கலாம். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் என்று 2016-ல் மத்திய அரசின் ஸ்டாண்ட் அப் இந்தியா ஏன் வந்தது, தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம் எதற்கு என்பது அந்தப் படிவத்தின் முன்னால் உட்கார்ந்தால்தான் புரியும். "பெயர் மனைவி, தொழில் கணவர்" என்ற பினாமி ஏற்பாட்டையும் அங்கேயே பேசிவிடலாம்.

உலகக் குடிமை என்றால் கொடி அல்ல

உலகக் குடிமைப் பாடம் பல நாட்டுக் கொடி, பல நாட்டு உடை, ஒரு நூடுல்ஸ் கடை என்று முடிந்துபோகிறது. ஒரு பனியனை மேஜையில் வையுங்கள், போதும். பஞ்சு பெரும்பாலும் வெளி மாநிலத்தது. தைப்பவர்களில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து திருப்பூருக்கு வந்தவர்கள் உண்டு. சாயக் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்து, பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தொட்டியாக மாறியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு இருந்தால்தான் திரும்பத் திறக்கலாம் என்றானது. அந்தச் செலவு பனியன் விலையில் ஏறியதா, வாங்கும் வெளிநாட்டு நிறுவனம் ஏற்றுக்கொண்டதா, முதலாளி தாங்கினாரா, கூலியில் கழிந்ததா? நான்கு குழுக்கள் நான்கு தரப்பாக உட்கார்ந்து ஒரு பனியனுக்கு விலை பேசட்டும்.

அடுத்த வகுப்பில் வங்கதேசத்தின் ராணா பிளாசா. 2013 ஏப்ரல் 24 அன்று தையல் ஆலைகள் இயங்கிய அந்தக் கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். முதல் நாளே சுவரில் விரிசல் தெரிந்தும் தையல் தொழிலாளர்களை உள்ளே வரச் சொன்னார்கள். விலை பேசி முடித்த பிள்ளைகளுக்கு ஏன் என்று விளக்க வேண்டியிருக்காது.

இதற்கு மறுபக்கமும் வேண்டும். இல்லாவிட்டால் ஏற்றுமதி என்றாலே பாவம் என்றாகிவிடும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை சார்ந்த ஆரோலேப் 1992 முதல் கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸைக் குறைந்த விலையில் செய்து நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு விற்கிறது. தானம் கொடுப்பதல்ல, சரியான விலைக்கு விற்பது. "ஆப்பிரிக்க ஏழைகளுக்கு உதவுவோம்" என்று மாணவர் எழுதும் திட்டங்களை இந்தக் கணக்கோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

மதிப்பெண்

லாபத்துக்கு மதிப்பெண் போட்டால் மேலே சொன்ன அத்தனையும் வீண். ஐம்பதுக்கு இப்படிப் பிரிக்கலாம்: சும்மா கிடைத்தவை சேர்த்த முழுக் கணக்குக்கு 15, வாங்குபவர்களிடம் பேசிய குறிப்புக்கு 15, வேலை மாறிய பதிவேட்டுக்கு 10, ஒரு சந்தைக்கும் அடுத்த சந்தைக்கும் நடுவே என்ன மாற்றினார்கள் என்பதற்கு 5, லாபத்துக்கு 5. ஒழுங்கான கணக்கோடு நஷ்டம் காட்டிய குழு முதலிடம் பெறக்கூட இதில் வழி இருக்கிறது.

மிஞ்சிய பணத்தைப் பிரிப்பதை ஆசிரியர் செய்யாதீர்கள். சமமாகவா, மணிக்கணக்கிலா, அம்மாவுக்கும் ஒரு பங்கா என்று குழுவே பேசி எழுதிக் கையெழுத்துப் போடட்டும். இதைக் கடைசி பீரியடில் வைக்க வேண்டாம். சண்டை வரும், பேருந்தைப் பிடிக்க வேண்டிய பிள்ளை "எது வேணாலும் சரி" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிவிடும்.