மூன்றே கார்டில் ‘வொர்க்கிங் கிளாஸ் ஹீரோ’: கிட்டார் புதிதாகக் கற்பவர்களுக்கு

கிட்டார் பிடிக்க இப்போதுதான் கற்கிறேன், ஒரு முழுப் பாட்டை வாசிக்க வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஜான் லெனனின் ‘வொர்க்கிங் கிளாஸ் ஹீரோ’தான். அவர் இருந்த பீட்டில்ஸ் இசைக்குழு உடைந்த 1970-ஆம் ஆண்டின் டிசம்பரில் அவர் வெளியிட்ட தனி ஆல்பத்தில் இருக்கிறது. டிரம்ஸ் கிடையாது, பேஸ் கிடையாது, ஒரு அகூஸ்டிக் கிட்டாரும் குரலும் மட்டும்தான். வர்க்கத்தைப் பற்றிய ராக் பாடல்கள் பெரும்பாலும் சத்தமானவை, இது குரலை உயர்த்தாமலே அவற்றைவிட ஆழமாகக் குத்துகிறது.

முதலில் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டைக் கேளுங்கள். ஐந்து சரணங்கள், ஒரு உழைப்பாளி வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கை வரிசையாகப் போகிறது. பிறந்ததுமே நீ சின்னவன் என்று உணர வைக்கிறார்கள், வீட்டிலும் பள்ளியிலும் அடிக்கிறார்கள், இருபது வருடம் பயமுறுத்தி வளர்த்துவிட்டு இப்போது ஒரு வேலையைத் தேர்ந்தெடு என்கிறார்கள். நான்காவது சரணத்தில் மதமும் டிவியும் போதையாகி, வர்க்கமே இல்லை, நாம் சுதந்திரமானவர்கள் என்று நம்ப வைக்கின்றன. கடைசிச் சரணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது: மேலே உனக்கும் இடம் உண்டு, ஆனால் சிரித்துக்கொண்டே கொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும். இந்த வரிசை மனதில் பதிந்தால் சரணம் மாறிப் போகாது.

சரி, இப்போது கார்ட்கள், அதாவது பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்க வைக்கும் விரல் பிடிகள். கிட்டாரின் கழுத்தை உலோகக் கோடுகள் பிரிக்கும் கட்டங்கள்தான் ஃப்ரெட், தலைப்பக்கத்திலிருந்து எண்ணுங்கள். மெல்லிய கம்பியை ஒன்று என்றும் தடித்ததை ஆறு என்றும் எண்ணுங்கள்.

ஏ மைனர்: ஆட்காட்டி விரல் இரண்டாம் கம்பி முதல் ஃப்ரெட்டில், நடுவிரல் நான்காம் கம்பி இரண்டாம் ஃப்ரெட்டில், மோதிர விரல் மூன்றாம் கம்பி இரண்டாம் ஃப்ரெட்டில். ஆறாம் கம்பியைத் தொடாதீர்கள்.

ஜி: நடுவிரல் ஐந்தாம் கம்பி இரண்டாம் ஃப்ரெட், மோதிர விரல் ஆறாம் கம்பி மூன்றாம் ஃப்ரெட், சுண்டுவிரல் முதல் கம்பி மூன்றாம் ஃப்ரெட். சுண்டுவிரல் எட்டவில்லையா, அதை விட்டுவிட்டு முதல் கம்பியை மீட்டாமல் இருந்தால் போதும்.

டி: ஆட்காட்டி விரல் மூன்றாம் கம்பி, நடுவிரல் முதல் கம்பி, இரண்டும் இரண்டாம் ஃப்ரெட்டில், மோதிர விரல் இரண்டாம் கம்பி மூன்றாம் ஃப்ரெட்டில். ஒன்று முதல் நான்கு வரையுள்ள கம்பிகளை மட்டும் மீட்டுங்கள்.

அடுத்தது தாளம், இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். நான்கு நான்காக எண்ணிப் பழகிய கை இதில் தடுமாறும், ஏனென்றால் பாட்டு மூன்று மூன்றாக நடக்கிறது. ஏ மைனரைப் பிடித்தபடி ஒன்றுக்கு ஐந்தாம் கம்பியைத் தட்டி, இரண்டுக்கும் மூன்றுக்கும் மற்ற கம்பிகளை லேசாக மீட்டுங்கள், பாடாமல், கை தானாக ஓடும்வரை.

அப்புறம் கார்ட் மாற்றம். ஒவ்வொரு வரியும் ஏ மைனரில் தொடங்கும், பின்பகுதியில் ஜி ஒருமுறை வந்துவிட்டு ஏ மைனருக்கே திரும்பும். தலைப்பு வரி சரணத்தின் முடிவில் இரண்டு முறை வரும், இரண்டாவது முறை மட்டும் ஜி-யிலிருந்து டி-க்குப் போய் ஏ மைனருக்குத் திரும்புங்கள். பாட்டு முழுக்க டி வருவது அந்த இடத்தில்தான், அதனால் அவசரப்பட்டு விழுங்கிவிடாதீர்கள்.

இதெல்லாம் வந்த பிறகு லெனன் செய்யும் ஒரு சின்ன வேலையைச் சேர்க்கலாம். ஏ மைனரில் நடுவிரலை மட்டும் தூக்கி, நான்காம் கம்பியை வெறுமனே மீட்டி, ஒலி அடங்கும் முன் விரலை இரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தமாகத் தட்டுங்கள். ஹேமர்-ஆன் என்பது இதுதான். பாட்டின் இறுக்கத்தில் பாதி இந்த ஒரு விரலிலிருந்து வருகிறது.

பாடும்போது குரலை அலங்கரிக்க வேண்டாம். கமகம், இழுவை, உச்சத்தில் கத்தல் எதுவும் இதற்கு ஆகாது, செய்தி சொல்வது போல நேராகச் சொல்லுங்கள். இரண்டு இடங்களில் கெட்ட வார்த்தை வரும், அன்று ஆல்பத்தோடு அச்சான வரிகளில்கூட அவற்றுக்குப் பதில் நட்சத்திரக் குறிதான். யார் முன்னால் பாடுகிறீர்கள் என்று பார்த்து முடிவு செய்யுங்கள், ஆனால் கோபத்தை மென்மையாக்கிவிடாதீர்கள்.

1979-இல் பிரிட்டிஷ் பாடகி மரியான் ஃபெய்த்ஃபுல் இதையே முழு இசைக்குழுவோடு பாடினார், கேட்டே ஆக வேண்டிய வடிவம். அதைப் பின்பற்றிப் பார்ப்பதற்கு முன், ஐந்து சரணமும் வெறும் கிட்டாரில் நிற்காமல் வரட்டும்.