பத்தாய அறையைக் கூட்டும் முன் நனையுங்கள்

பத்தாயம் இருக்கும் அறையிலோ மோட்டார் கொட்டகையிலோ எலிப் புழுக்கை கிடந்தால் உடனே துடைப்பத்தை எடுக்காதீர்கள். கதவு, ஜன்னலை அரை மணி நேரம் திறந்து வையுங்கள். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 15 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கலந்து, கையுறை போட்டுக்கொண்டு, புழுக்கை ஊறும்படி மெதுவாக ஊற்றி 5 நிமிடம் விடுங்கள். பழந்துணியால் வழித்தெடுத்து, துணியோடு சேர்த்துப் புதைத்துவிடலாம்.

எலியிலிருந்து மனிதருக்குத் தொற்றும் ஹன்டா போன்ற வைரஸைச் சுமக்கும் எலி பெரும்பாலும் நோய்ப்படுவதில்லை. சிறுநீரிலும் புழுக்கையிலும் அதை வெளியேற்றிக்கொண்டே நன்றாக ஓடியாடும். காய்ந்ததைக் கூட்டினால் அது தூசியோடு மூச்சில் ஏறிவிடும். நனைத்தால் தூசி எழாது, பவுடரிலுள்ள குளோரின் வைரஸின் கொழுப்பு உறையையும் சிதைத்துவிடும். ஏதோ வெளிநாட்டு விஷயம் என்று நினைக்க வேண்டாம். 1964-இல் வேலூரில் பிடித்த மூஞ்சூறில் கிடைத்த ஹன்டா வகை வைரஸுக்கு, அவ்வூரின் ஒரு பகுதியான தோட்டப்பாளையத்தின் பெயரையே வைத்தார்கள்: தோட்டப்பாளையம் வைரஸ்.

விதைநெல், அரிசி மூட்டைமேல் இந்தக் கரைசலைத் தெளிக்கக் கூடாது. ஆசிட்டோடு சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும். திறந்து நாளாகி வாடை போன பவுடரால் பயனில்லை. நடவு வயலில் தொற்றும் எலிக்காய்ச்சலுக்கும் இது உதவாது; அது பாக்டீரியா, சேற்றுத் தண்ணீரிலிருந்து கால் வெடிப்பு, புண் வழியே ஏறுவது. புண்ணை மூடிக்கொண்டு இறங்குங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் வந்தால், வயலில் இறங்கியதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.