ஃப்ரீசர் கதவின் ரப்பரை வீட்டிலேயே மாற்றும் முறை

ஏற்காட்டில் என் சித்தி வீட்டு ஃப்ரீசரின் கதவோரத்தில், மழைக்காலம் தொடங்கிய சில நாள்களிலேயே விரற்கடை கனத்துக்குப் பனி படிந்துவிடும். சேலத்தில் எங்கள் வீட்டு ஃப்ரீசரில் பனி அவ்வளவாகத் தெரியவில்லை. ஆனால் கம்ப்ரஸர் ஓய்வின்றி ஓடியது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் மின்கணக்கில் யூனிட்டும் ஏறியிருந்தது. இரண்டு வீட்டிலும் கோளாறு ஒன்றுதான்: கதவைச் சுற்றியுள்ள ரப்பர் தளர்ந்திருந்தது. கடையில் இதைக் கேஸ்கெட் என்பார்கள். ரப்பர் என்று சொன்னாலும் பெரும்பாலும் இது மென்மையான பிவிசிதான். அதனுள் ஓடும் காந்தப் பட்டையே கதவை இழுத்துப் பிடிக்கிறது. அதில் இடைவெளி விழுந்தால் வெளிக்காற்றின் ஈரம் உள்ளே புகுந்து பனியாக உறையும். உள்ளே மைனஸ் 18 டிகிரியைக் காப்பதற்குக் கம்ப்ரஸர் கூடுதல் நேரம் உழைக்கும்.

காசைச் செலவழிக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். பத்து ரூபாய் நோட்டு ஒன்றைப் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்குமாறு வைத்துக் கதவை மூடி, மெல்ல இழுத்துப் பாருங்கள். பிடித்து நின்றால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் சாக்பீஸால் குறியிடுங்கள். நான்கு பக்கமும் இப்படிப் பார்த்த பிறகு, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ரப்பரின் மடிப்புகளைத் துடைத்துவிட்டு மறுபடியும் சோதியுங்கள். எங்கள் வீட்டில் மல்கோவா கூழ் வழிந்து காய்ந்திருந்த கீழ்ப்பக்கம், துடைத்ததுமே சரியாகிவிட்டது. மேல் மூலையில் ரப்பர் கிழிந்திருந்ததால்தான் மாற்ற வேண்டியதாயிற்று.

வாங்கும்போது ஃப்ரீசரின் உட்சுவரிலோ பின்புறத்திலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலுள்ள மாடல் எண்ணைக் கொண்டு செல்லுங்கள். அளவெடுத்துத்தான் வாங்க வேண்டுமென்றால், ரப்பர் செருகியிருக்கும் பள்ளத்திலிருந்து எதிர்ப்பக்கப் பள்ளம் வரை அளக்க வேண்டும். நான் முதல் முறை வெளி விளிம்பை அளந்து, பொருந்தாத ரப்பரோடு வீடு திரும்பினேன்.

மடித்துக் கட்டிவரும் புது ரப்பரில் சுருக்கங்கள் இருக்கும். அவற்றை நீக்காமல் மாட்டினால் எவ்வளவு அழுத்தினாலும் அங்கே காற்று புகும். சேலத்து வெயிலில் மொட்டை மாடியில் அரை மணி நேரம் விரித்துப் போட்டாலே அது இளகிவிடும். மூடுபனி சூழ்ந்த ஏற்காட்டில் அதற்கு வழியில்லாததால், கை பொறுக்கும் சூட்டிலுள்ள வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்தோம். கொதிநீர் கூடாது.

பிளக்கைக் கழற்றி, உள்ளே இருப்பவற்றை எடுத்துக் கம்பளியில் சுற்றி வையுங்கள். பழைய ரப்பரை ஒரு மூலையிலிருந்து மெல்ல உரித்தால் பெரும்பாலும் அப்படியே வந்துவிடும். வராவிட்டால் ரப்பரின் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். திருகுகள் இருந்தால் அவற்றைத் தளர்த்தினால் போதும், கழற்ற வேண்டாம், ஏனெனில் கதவின் உட்தகட்டையும் பல மாடல்களில் அவையே பிடித்திருக்கின்றன, எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் கதவே முறுக்கிக்கொள்ளும். பள்ளத்தைப் பழைய பல் துலக்கியால் சுத்தம் செய்து, ஈரமில்லாமல் துடையுங்கள்.

பொறுமை வேண்டியது மாட்டும்போதுதான். ஒரு முனையில் தொடங்கி வரிசையாக அழுத்திக்கொண்டே போனால் கடைசி மூலையில் ரப்பர் மிஞ்சும் அல்லது பற்றாது. ஆகவே முதலில் நான்கு மூலைகளையும், அடுத்து ஒவ்வொரு பக்கத்தின் நடுவையும், பிறகே மீதியையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். பள்ளத்தில் சரியாக உட்காரும்போது அது விரலுக்கே தெரியும். எங்கேனும் உள்வாங்கியிருந்தால் முடி உலர்த்தியைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, அசைத்துக்கொண்டே சூடுகாட்டி, வெளியே இழுத்துவிடுங்கள். கீல் பக்கத்தில் மட்டும் மெல்லியதாக வாஸ்லின் தடவினால், கதவு திறக்கும்போது ரப்பர் உரசி மடங்காது. சிலர் பசை போட்டு ஒட்டுகிறார்கள். அடுத்த முறை அதைப் பிரிக்கப் போகிறவரை நினைத்தாவது அதைத் தவிர்க்கலாம்.

கதவை மூடி, ஓர் இரவு விட்டு, நோட்டுச் சோதனையை மீண்டும் செய்யுங்கள். சித்தி வீட்டில் புது ரப்பர் மாட்டிய பிறகும் மேல் மூலையில் நோட்டு வழுக்கியது. ரப்பரைத்தான் மறுபடி குறை சொன்னோம். பார்த்தால் தரை முன்பக்கம் சரிந்திருந்தது. முன்கால் திருகுகளைச் சிறிது உயர்த்தியதும் கதவு தானாகச் சாய்ந்து மூடிக்கொண்டது, நோட்டும் நின்றது.