இங்கிலாந்துல ரிசப்ஷன்ல (நாலு வயசுல சேர்ற முதல் கிளாஸ்) பிள்ளைய சேர்க்கிறவங்க, ஃபார்ம்ல யார் நம்பர், யார் இமெயில்னு முதல்ல பாருங்க

போன வருஷம் ஆகஸ்ட் கடைசில இங்கிலாந்து வந்தோம், பாப்பாவுக்கு அப்ப நாலு வயசு முடிஞ்சு நாலு மாசம். புதுசா வர்றவங்க எல்லாரும் அட்மிஷன் பத்தி தான் கேக்குறீங்க. அட்மிஷன்ல ஒண்ணும் இல்லங்க. ஸ்கூல்ல போய் நிக்க வேண்டாம், கவுன்சில் (நம்ம ஊர் நகராட்சி மாதிரி) வெப்சைட்ல தான் அப்ளை பண்ணணும், செப்டம்பர்ல சேரணும்னா ஜனவரி 15க்குள்ள போடணும், ஏப்ரல் 16 எந்த ஸ்கூல்னு சொல்லிடுவாங்க. எங்கள மாதிரி லேட்டா வந்தாலும் முதல்ல கவுன்சில்கிட்ட கேளுங்க, சில இடத்துல நேரா ஸ்கூல்லயே அப்ளை பண்ணச் சொல்வாங்க, காலி இடம் எங்க இருக்கோ அங்க கிடைக்கும். கவர்மென்ட் ஸ்கூல்ல ஃபீஸ் கிடையாது, டொனேஷன் கிடையாது, இயர் 2 வரைக்கும், அதாவது ரிசப்ஷனையும் சேர்த்து முதல் மூணு வருஷம், எல்லா பிள்ளைங்களுக்கும் மதிய சாப்பாடு ஃப்ரீ.

அந்த ஃப்ரீ சாப்பாடு தான் எங்கள ஏழு வாரம் ஏமாத்துச்சு.

என் வீட்டுக்காரரோட காலேஜ் ஃப்ரெண்ட் ஒருத்தர், நான் அண்ணன்னு தான் கூப்பிடுவேன், முதல் மூணு வாரம் அவங்க வீட்ல தான் இருந்தோம். ஸ்கூல் ஃபார்மை அவர் தான் அவரோட லேப்டாப்ல உக்காந்து ஃபில் பண்ணி குடுத்தாரு. எங்ககிட்ட அப்ப இந்த ஊர் சிம் இல்ல, அதனால கான்டாக்ட் 1ங்கற இடத்துல அவர் நம்பர், அவர் இமெயில். சிம் வாங்கினதும் நான் ஸ்கூல் ஆபீஸுக்கு நேர்ல போய் என் நம்பர் குடுத்தேன், அந்தம்மா ஒரு மஞ்சள் பேப்பர்ல எழுதி கம்ப்யூட்டர்ல ஒட்டினாங்க, "டன்"னு சொன்னாங்க, நானும் நிம்மதியா வந்துட்டேன்.

ஊர்ல நமக்கு டைரி இருக்கும். சாப்பிடலன்னா, ஹோம்வொர்க் பண்ணலன்னா மிஸ் சிவப்பு மைல எழுதி அனுப்புவாங்க, நாம கையெழுத்து போட்டு அனுப்பணும், அதுவும் போதாதுன்னா சாயங்காலம் ஃபோனே வந்துடும். இங்க டைரின்னு ஒண்ணு கிடையாது. பையில வர்றது ரீடிங் புக்கும் அதுல நாம எழுத வேண்டிய ஒரு சின்ன நோட்டும் தான், மத்ததெல்லாம் ஸ்கூலோட ஃபோன் ஆப்ல வரும். எனக்கு எதுவும் வரல, அப்ப எல்லாம் நல்லா தான் போகுதுன்னு நினைச்சேன். தினமும் 3:15க்கு கேட்ல நின்னு "ஹவ் வாஸ் ஷி டுடே?"னு கேப்பேன், டீச்சர் சிரிச்சுக்கிட்டே "ஷி இஸ் ஃபைன்"னு சொல்லிட்டு அடுத்த பிள்ளைய கூப்பிடுவாங்க.

பாப்பாவோட ஜம்பர் (யூனிஃபார்ம் ஸ்வெட்டர்) ஸ்லீவ் மட்டும் தினமும் ஈரமா வரும். வலது கை மட்டும், முழங்கை வரைக்கும், நூல் பிரிஞ்சு. கை கழுவுறப்ப நனைச்சுக்கிறான்னு நினைச்சு ராத்திரி ரேடியேட்டர்ல காயப் போடுவேன். வீட்டுக்கு வந்ததும் ஷூ கூட கழட்டாம ரசம் சாதம் கேப்பா, நல்லா பசி எடுக்குது, குளிர் ஊர்ல அப்படித்தான்னு நானே ஆசையா ஊட்டி விடுவேன்.

நவம்பர்ல பேரன்ட்ஸ் ஈவினிங், பத்து நிமிஷம் தான் குடுப்பாங்க. ஒன்பதாவது நிமிஷத்துல டீச்சர் கேக்குறாங்க, லஞ்ச் விஷயமா ரெண்டு மெசேஜ் அனுப்பினோமே, பாத்தீங்களான்னு. முள்கரண்டி பிடிக்கத் தெரியல, ஊட்டி விட ஆள் இல்ல, ட்ரேய அப்படியே வெச்சுட்டு பசில ஸ்லீவை வாயில வெச்சு சப்பிக்கிட்டே உக்காந்திருக்கா என் பொண்ணு. எனக்கு அங்கயே அழுகை வந்துடுச்சு. ஆபீஸ்ல மாத்தினது அவசரத்துக்கு கூப்பிடுற ஃபோன் நம்பரை மட்டும், ஆப் அண்ணனோட இமெயில்ல தான் இருந்திருக்கு, ரெண்டு மெசேஜும் அவரோட ஸ்பாம்ல கிடந்துச்சு. அவரை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், வீட்டையே தொறந்து விட்டவர். ஆனா ஸ்கூல் மேல எனக்கு இன்னும் கோபம் போகல. தினமும் எதிர்ல நிக்கிறேன், வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? மெசேஜ் அனுப்பிட்டா கடமை முடிஞ்சுதா?

அப்புறம் தான் எனக்கு இன்னொண்ணு புரிஞ்சது. மதிய சாப்பாட்டு நேரத்துல கிளாஸ் டீச்சர் பெரும்பாலும் அங்க இருக்க மாட்டாங்க, லஞ்ச்டைம் சூப்பர்வைசர்னு வேற ஆளுங்க. கேட்ல நிக்கிற டீச்சருக்கு பிள்ளை தட்டுல என்ன மிச்சம் வெச்சான்னு அப்ப தெரியாது. அதனால எப்படி இருந்தான்னு பொதுவா கேக்காதீங்க, எப்படி கேட்டாலும் "ஃபைன்" தான். இன்னைக்கு என்ன சாப்பிட்டா, எவ்ளோ சாப்பிட்டா, யார் பக்கத்துல உக்காந்தா, டாய்லெட் போனாளான்னு ஒவ்வொண்ணா கேளுங்க. கேட்ல பதில் வரலன்னா அன்னைக்கே ஆபீஸுக்கு மெயில் போட்டு கிளாஸ் டீச்சருக்கு அனுப்பச் சொல்லுங்க. வாயால சொன்னது அடுத்த நாள் யாருக்கும் ஞாபகம் இருக்காது, எழுதினா கையில ஆதாரம் இருக்கும். தொந்தரவு பண்றோமோன்னு கூச்சப்படாதீங்க, நான் பட்ட கூச்சத்துக்கு பாப்பா பட்டினி கிடந்தா. மெயிலுக்கும் அசையலன்னா ஸ்கூல் வெப்சைட்லயே கம்ப்ளெயின்ட் பாலிசி போட்டிருப்பாங்க, முதல்ல டீச்சர், அப்புறம் ஹெட் டீச்சர், அதுக்கு மேல கவர்னர்ஸ், அதாவது ஸ்கூலை மேற்பார்வை பண்ற கமிட்டி.

வர்றதுக்கு முன்னாடியே பிள்ளைக்கு தானா சாப்பிட, ஃபோர்க் பிடிக்க, கோட் ஜிப் போட பழக்குங்க. எங்க அம்மா மொட்டை மாடில நிலா காட்டி ஊட்டி வளர்த்த பிள்ளை, அதை நான் தப்புன்னு சொல்லவே மாட்டேன், ஆனா இங்க ஊட்ட யாரும் வர மாட்டாங்க. நாங்க ரெண்டு வாரம் வீட்ல தோசையவே ஃபோர்க்ல குத்தி சாப்பிட்டோம், மூணு பேரும்.

நம்பர் மாத்தப் போனீங்கன்னா ஃபோன், இமெயில், ஆப் லாகின் மூணையும் தனித்தனியா கேளுங்க, அம்மா அப்பா ரெண்டு பேரையும் சேர்க்கச் சொல்லுங்க, சில ஸ்கூல்ல கான்டாக்ட் 1க்கு மட்டும் தான் மெசேஜ் போகும். அங்கயே நின்னு ஒரு டெஸ்ட் மெசேஜ் அனுப்பச் சொல்லுங்க. உங்க கையில இருக்கிற ஃபோன் அடிச்சதுக்கு அப்புறம் வெளிய வாங்க.