புது வீட்டு கார் பார்க்கிங்: கடைசித் தவணை கொடுக்கும் முன் தட்டிப் பாருங்கள்

புது வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் கிச்சன் கதவைத் திறந்து மூடுவார்கள், பாத்ரூம் குழாயைத் திருகுவார்கள். கார் நிற்கும் இடத்தில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்கள். நம் ஊர்த் தனி வீடுகளில் சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க், கழிவுநீர்க் குழாய் எல்லாம் பெரும்பாலும் அந்த இடத்துக்கு அடியில்தான். மேலே ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி நிற்கப் போகிறது. வேலையும் கடைசியில், கிரகப்பிரவேச அவசரத்தில் முடிந்திருக்கும்.

கையில் வாளி, டேப், டார்ச், சாக்பீஸ், ஸ்க்ரூடிரைவர், ஒரு ரூபாய்க் காசு, பழைய ஏடிஎம் கார்டு இருந்தால் போதும்.

வாட்டமும் தரையும்

வீட்டுச் சுவர் ஓரமாக ஐந்தாறு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். அது கேட் பக்கமோ, தண்ணீர் வடியும் ஓட்டை மூடியான ஜாலியை நோக்கியோ தானாக ஓட வேண்டும். 15 அடி நீளத்துக்கு ஏறக்குறைய 2 அங்குல வாட்டம் தேவை. அரை மணி கழித்தும் எங்காவது ஒரு ரூபாய்க் காசு முழுகும் அளவு தண்ணீர் தேங்கியிருந்தால் அங்கே வாட்டம் தப்பு. சுவரோரம் தேங்கினால் இன்னும் மோசம். ஓதம் ஏறி உள்ளறை பெயின்ட் உரியும்.

தரை காய்ந்ததும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் டைல்ஸைத் தட்டுங்கள். கெட்டியாக ஒட்டியது 'ணங்' என்னும். அடியில் காலியாக இருப்பது 'டொக்' என்னும். டொக் கேட்ட இடத்திலெல்லாம் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுங்கள். கலவையை நடுவில் மட்டும் உருண்டையாக வைத்து டைலை அமுக்கினால் நான்கு மூலையும் பொள்ளலாகிவிடும். ஒரு டயர் இறக்குவது ஏறக்குறைய 300 கிலோ. மூலையில் ஏறினால் உடையும். ஓரத்தில் ஒன்றிரண்டு இருந்தால் விடலாம், டயர் போகும் பாதையில் ஒன்றுகூடக் கூடாது.

டைல் கெட்டியாக இருந்தும், சுவர் அடிப்பட்டைக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா? ஏடிஎம் கார்டை நுழைத்து இழுங்கள். நீளத்துக்கும் போனால் தரையே இறங்குகிறது. சம்ப் வெட்டிய பள்ளத்தின் பக்கவாட்டை இடிபாட்டு மண்ணால் ஒரே மூச்சில் மூடியிருப்பார்கள். அரையடிக்கு அரையடி போட்டு, தண்ணீர் விட்டு, திமிசு கட்டையால் இடித்திருக்க வேண்டும். "ஒயிட் சிமெண்ட் பூசிடலாம் சார்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள், அடுத்த மழைக்கே திரும்பப் பிளக்கும். டைலைப் பெயர்த்து, மண்ணை இறுக்கி, 4 அங்குல கான்கிரீட் போட்டால்தான் நிற்கும்.

சம்ப் மூடி

மூடியில் பொறித்திருப்பதைப் படியுங்கள். ஃபைபர் மூடியில் ஏ15 என்றிருந்தால் அது ஆள் நடக்க மட்டும், 1.5 டன். கார் ஏறும் இடத்துக்கு பி125, அதாவது 12.5 டன். கான்கிரீட் மூடியில் எல்டி 2.5 (லைட் டியூட்டி, 2.5 டன்) போதாது, எம்டி 10 (மீடியம் டியூட்டி, 10 டன்) கேளுங்கள். மூடியின் விளிம்பில் ரப்பர் இல்லாவிட்டால் வண்டி கழுவும் தண்ணீர் குடிநீரில் கலக்கும்.

மூடியைத் திறந்து டார்ச் அடித்து மேல்தளத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். உள்ளே இறங்க வேண்டாம். கம்பி வெளியே தெரிந்தாலோ, ஜல்லி தேன்கூடு மாதிரி பொத்தலாக நின்றாலோ, இன்ஜினியர் பார்க்காமல் அதன் மேல் வண்டி ஏற்றாதீர்கள்.

போர்டிகோ

எல்லாரும் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். தூண் இல்லாமல் சுவரிலிருந்து நீட்டிய போர்டிகோ என்றால் பார்க்க வேண்டியது மேல்பக்கம். எடையால் முனை கீழே தொங்கப் பார்ப்பதால் அதில் இழுவிசை மேல்பக்கம். முக்கியக் கம்பியும் மேலேதான் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்துக் கம்பி கீழே அமுங்கியிருந்தால், சுவரை ஒட்டி, சுவருக்கு இணையாக விரிசல் ஓடும். அதைப் பூசி மறைக்க விடக் கூடாது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக வரும் மெல்லிய விரிசல் வேறு ரகம். பூச்சுக்கு அடியில் சிக்கன் மெஷ் (கோழிவலைக் கம்பி) கட்டாததால் வருவது, ஆபத்தில்லை. ஏடிஎம் கார்டின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். அது நுழையும் விரிசலோ, மூலைவாட்டில் ஓடும் விரிசலோ இருந்தால் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். ஒரு மாதம் கழித்துக் கோட்டைத் தாண்டியிருந்தால் விஷயம் பூச்சோடு நிற்கவில்லை.

மற்றவை

கேட்டை முழுசாக உள்பக்கம் திறந்து பாருங்கள். வாட்டத்தில் தரை உயர உயர கேட்டின் அடி உரசும். சாய்தளம் ஒரு அடி ஏற 8 அடி ஓட்டமாவது வேண்டும், அதுவும் உங்கள் மனைக்குள். மின்சார வண்டி சார்ஜிங்குக்கு 16 ஆம்பியர் பாயின்ட் 4 அடி உயரத்தில், 4 சதுர மில்லிமீட்டர் வயரில், தனி எம்சிபியோடு (சுமை கூடினால் தானாக விழும் சுவிட்ச்) இருக்கட்டும். மின்கசிவு வந்தால் மின்சாரத்தை வெட்டும் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அமுக்கினால் உடனே விழ வேண்டும்.

சாக்பீஸ் குறிகளோடு போட்டோ எடுத்து, பட்டியலை எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவான திட்டமாக இருந்தால், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் சொல்லும் கட்டுமானக் குறையை பில்டர் 30 நாளில் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். சொந்த மனையில் கான்ட்ராக்ட் விட்டுக் கட்டியவர்களுக்கு அந்தச் சட்டம் கிடையாது; ஒப்பந்தத்தில் எழுதியதும், இன்னும் கொடுக்காத கடைசித் தவணையும்தான் பிடி.